கொட்டகையில் பிறந்த கருத்துகள்
தமிழ்த் திரைப்பட ரசிகர் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்கிறது. இப்பத்தாண்டுகளில் நடைபெற்ற கூட்டங்களில் சங்கப் பாடல்கள் முதல் இன்றைய புதினங்கள் வரை பேசப்பட்டுள்ளன. கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் யார் எந்நூல் பற்றிப் பேசினார், யார் மறுத்துரைத்தார் என்பன எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. ஆயின் கூட்டம் முடிந்து, செருப்பைத் தேடி அணிந்துகொண்டு, வாயிற்படியில் நின்று நாம் பேசிய பேச்சு அதில் இல்லை. அப்பேச்சு பெரும்பாலும் திரைப்படம் பற்றியதாகவே இருந்தது என்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர். கூட்டத்திற்குள் எழாத கருத்து வேறுபாடுகள் அங்கு எழுந்ததுண்டு. குறிப்பேட்டில் ஏறத் தகுதியற்றது என்று நாமே முடிவு செய்துவிட்ட அப்பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழர் திரைப்படம் பார்த்த முறையும், பார்த்தபின் அவர்கள் கொண்ட கருத்து வேறுபாடுகளும் எவ்வாறு வளர்ந்தன, அவற்றுள் எவை பதிவாயின, எவை பதிவாகாமல் போயின என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அரசவையும் கொட்டகையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்கின் அமைப்பை விரிவாகக் கூறுகிறது. அரங்கினை அளக்கும் கோல், அரங்கின் நீள அகலங்கள், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கும் முறை, மூவகைத் திரைகள் ஆகிய யாவும் அங்குச் சொல்லப்படுகின்றன. மாதவியின் ஆடலைக் கண்ட சோழ மன்னன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். அத்துடன் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அவையில் இருந்த வேறொருவர் அவ்வாடலில் குறை கண்டாரா என்னும் வினா அங்கு எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. பொன் கொடுப்பவனே சுவையின் நீதிபதியாகவும் இருந்த காலம் அது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணரும் பேராசிரியரும் காண்போனைப் பற்றிச் சிந்தித்துள்ளனர். நடிப்போனிடத்துத் தோன்றும் சுவை காண்போனை எவ்வாறு சென்று சேர்கிறது என்பது அவர்தம் ஆராய்ச்சியில் இடம்பெறுகிறது. எனினும் ஒரே காட்சியைக் கண்ட இருவர் இருவேறு முடிவுகளுடன் எழுந்து போவது அங்கு முதன்மை பெறவில்லை.

கூத்தும் நாடகமும் பொதுமக்கள் கண்டு மகிழ்ந்த கலைகளே. ஆயினும் யார் எங்கே அமர வேண்டும், யார் எட்ட நின்று பார்க்க வேண்டும் என்பதை ஊரின் சாதி வழக்கமே தீர்மானித்தது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்லும் கொட்டகை இவ்வழக்கத்தில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் நிகழ்கலை அரங்கு திரையரங்கே என்றும், அங்கு இருக்கை பிறப்பால் அமையாமல் வாங்கும் ஆற்றலால் அமைந்தது என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் எடுத்துக்காட்டினார். தமிழ்த் திரைப்படத்தை ஆராய்வோர் இன்றும் மேற்கொள்ளும் கருத்து இது. காசு கொடுத்தவர்க்கெல்லாம் இடம் என்றானபோது, காசு கொடுத்தவர்க்கெல்லாம் கருத்து என்பதும் கூடவே வந்தது. திரைப்பட ரசிகரின் கருத்து வேறுபாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஊர் ஊராக வந்த படம்

சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அசையும் படங்கள் காட்டப்பட்டன. ஆனால் தமிழகத்தின் சிற்றூர்களுக்கு அவற்றைக் கொண்டு சென்றவருள் முதன்மையானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வேப் பணியில் வரைவாளராக இருந்த அவர், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை எழுப்பினார். அதே ஆண்டில் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கினை நிறுவினார்.

அக்காலப் படங்கள் பேசவில்லை; பார்த்தவர்கள் பேசினார்கள். திரையில் இடையிடையே தோன்றிய எழுத்துகளைப் படிக்க இயலாதவரே மிகுதி. ஆகவே திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வார். விளக்குபவரின் திறமையை ஒட்டி ஒரே படம் ஓர் ஊரில் சிரிப்பையும் மற்றோர் ஊரில் அழுகையையும் வரவழைத்திருக்கக் கூடும். எடி போலோ போன்ற அமெரிக்கச் சண்டை நடிகர்களின் தொடர்படங்களுக்கும், இராமாயண பாரதக் கதைகளுக்கும் தனித்தனிக் கூட்டம் இருந்தது. ரசிகர்கள் கட்சி பிரிவது அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

1927இல் ஆங்கில அரசு இந்தியத் திரைப்படக் குழு ஒன்றினை அமைத்தது. அதன் தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். தணிக்கை முறையையும், பேரரசில் எடுக்கப்பட்ட படங்களுக்குச் சலுகை தருவதையும் ஆராய்வது அக்குழுவின் நோக்கம். நாடெங்கும் சென்று வினாநிரல் அளித்தும் நேரில் கேட்டும் சாட்சியங்களைத் திரட்டி, 1928இல் குழு அறிக்கை தந்தது. திரைப்படம் பார்ப்பவரைப் பற்றி இந்நாட்டில் நடைபெற்ற முதற் பெரும் விசாரணை இது. ஆனால் சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், வழக்கறிஞர்கள், கல்வியாளர்கள், படத்தொழிலில் முதல் போட்டவர்கள் ஆகியோரே. தரையில் அமர்ந்து படம் பார்த்தவரைப் பற்றி நாற்காலியில் அமர்ந்தவர் சொன்ன கருத்து அரசாங்க ஏடுகளில் நிலைபெற்றது. தரையில் அமர்ந்தவர் தம்மைப் பற்றியோ படத்தைப் பற்றியோ சொன்னது அவ்வளவாக இடம்பெறவில்லை. இக்குறை பிற்காலத்திலும் தொடர்ந்தது.

தரை, பெஞ்சு, நாற்காலி

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் பேசினார். மொழிக் கலப்பைப் பொருட்படுத்தாமல் மக்கள் திரண்டனர். அதன்பின் படம் பார்க்கும் வழக்கம் நகரத்து நிலையரங்குகளிலும் சிற்றூர்க் கீற்றுக் கொட்டகைகளிலும் விரைந்து பரவியது.

டூரிங் டாக்கீஸ் என வழங்கிய கீற்றுக் கொட்டகையைக் கண்டறியாத இளைய தலைமுறைக்காகச் சிறிது விரித்துரைக்க வேண்டியுள்ளது. அதற்கு உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படும். காலம் முடிந்தால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். மாலைக் காட்சி, இரவுக் காட்சி என இரண்டே காட்சிகள். பகலில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பறையோ பேண்டோ முழங்க, வண்ண நோட்டீசுகளை வீசிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பொழுது சாயும் வேளையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் கேட்டால் சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். எத்தனையாவது பாட்டுக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் முதல் காட்சியைத் தவறவிடாமல் பார்க்கலாம் என்னும் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

உள்ளே மூன்று வகுப்புகள். திரையை ஒட்டித் தரை, அதன்பின் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. தரை என்பது பரப்பிய மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் அமர்வார்கள், பின்னாலிருப்பவர் கூச்சலிடுவார், மேடு கலைக்கப்படும். ஒரே கருவி வைத்திருந்த கொட்டகைகளில் சுருள் மாற்றுவதற்காக மூன்று நான்கு இடைவேளைகள் விட வேண்டியிருந்தது. முறுக்கும் கடலையும் சோடாவும் விற்ற அவ்விடைவேளைகளே கருத்துப் பரிமாற்றத்துக்குரிய நேரங்களாக அமைந்தன. இனிக் கதை எப்படிப் போகும், நாயகன் செய்தது சரியா, வில்லனுக்கு என்ன தண்டனை தகும் என்பன அப்போதே பேசப்பட்டன. படம் முடிந்தபின் ஒருமுறை மதிப்பிடுவதே இன்றைய வழக்கம். அன்று படம் ஓடும்போதே பலமுறை மதிப்பிடப்பட்டது.

கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மெல்லிய தாளில் அச்சிட்ட அச்சிறு நூலில் கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். கதை முடிச்சு இறுகும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தியிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சூழ அமர்ந்து கேட்ட நூல்களின் பட்டியலில் பெரிய எழுத்துக் கதைகளை அடுத்துப் பாட்டுப் புத்தகங்களுக்கும் இடமுண்டு. தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுதுவோர் இதனைப் புறக்கணித்தல் கூடாது.

பாட்டா? கதையா?

தமிழ் ரசிகரிடையே எழுந்த முதற் பெருங் கருத்து வேறுபாடு பாடல் பற்றியதாகும். தொடக்ககாலப் பேசும் படங்கள் மேடை நாடகத்தின் வழிவந்தவை. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கி எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தன. பாட்டுக்காகப் படம் பார்ப்பவர், பாட்டு வந்தால் எழுந்து வெளியே செல்பவர் என இருவகையினர் உருவாயினர். கல்கி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, கலையைப் பற்றிப் பொதுவாசகரும் கருத்துக் கொள்ளலாம் என்னும் துணிவைத் தந்தது.

1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் தொடர்ந்து ஓடி மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதற்குள் பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டிருந்தார். நாயகன் சிறையில் இருக்கையில் அவரது குரலைக் கேட்கக் கூட்டம் வந்தது. பாகவதருக்கு இணையாகப் பேசப்பட்டவர் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா. 1940இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் ஏற்ற அவர் சிலம்பமும் பயின்றவர். பாகவதர் அணியினர் சாரீரத்தைச் சொன்னால், சின்னப்பா அணியினர் நடிப்பையும் உடற்பயிற்சியையும் சொன்னார்கள். இதனை வெறும் ஆள்வழிபாட்டுச் சண்டை என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் நடிகனுக்கு இன்றியமையாதது குரலா உடலா என்பது நாடகவியலார் இன்றும் ஆராயும் வினாவே அன்றோ?

திராவிட இயக்கத்தவர் எழுத்துகள் திரைக்கு வந்தபோது பாட்டின் இடத்தை வசனம் பிடித்தது. 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 1952இல் மு. கருணாநிதியின் 'பராசக்தி'யும் இத்திருப்பத்தின் அடையாளங்கள். 'பராசக்தி'யின் கோயிற் காட்சி நாத்திகம் என்று ஒரு சாரார் கொதித்தெழுந்து, படத்தைத் தடை செய்யக் கோரினர். மற்றொரு சாரார் வசனத்தை மனப்பாடம் செய்து தெருமுனையில் ஒப்பித்தனர். இசைத்தட்டிலும் நூலிலும் வசனம் விற்பனையாயிற்று. செந்தமிழ் உரைநடையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைப் பள்ளிக்கூட வாசல் மிதியாத பலருக்கு அளித்தது இவ்வசன மோகமே. மதுரையில் 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளுடன் எழுந்த தங்கம் திரையரங்கு இப்படத்துடன்தான் திறக்கப்பட்டது. இன்று அவ்வரங்கு இல்லை.

பாட்டு, வசனம் ஆகியவற்றின் ஆட்சி நிலவிய நாளில் 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏ. வி. எம். நிறுவனம் 'அந்த நாள்' படத்தை ஒரு பாடலும் இன்றி வெளியிட்டது. நற்சான்றிதழ் என்னும் தேசிய அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது. கொட்டகையில் வெற்றி கிடைக்கவில்லை. அதே ஆண்டில் தமிழ்ப் படத்துக்குரிய குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கத்தை 'மலைக்கள்ளன்' பெற்றது. மக்களும் அதனைப் பெரிதும் வரவேற்றனர். அறிஞர் தீர்ப்பும் மக்கள் தீர்ப்பும் எப்போதும் மாறுபடும் என்றோ, எப்போதும் ஒன்றும் என்றோ பொதுவிதி வகுக்க இயலாது என்பதற்கு அவ்வோராண்டே சான்று.

இரு நாயகர், இரு கட்சி

1950களிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் தமிழ் ரசிகரை இரண்டாகப் பிரித்து வைத்தவர்கள் எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும். இருவரும் நாடகக் குழுக்களில் பயின்று வந்தவர்கள். 1954இல் டி. ஆர். ராமண்ணா இயக்கிய 'கூண்டுக்கிளி'யில் இருவரும் சேர்ந்து நடித்தனர். அப்படம் வெற்றி பெறவில்லை. அதன்பின் இருவரும் எப்படத்திலும் இணைந்து நடிக்கவேயில்லை.

இவ்விரு அணியினரின் வாதத்தைக் கூர்ந்து நோக்கினால் இரு வேறு கலைக்கொள்கைகள் அதனுள் இருப்பதைக் காணலாம். சிவாஜி ரசிகர் கேட்டது மாற்றம்: ஒரு படத்தில் கட்டபொம்மனாகத் தூக்கில் தொங்க வேண்டும், மற்றொன்றில் 'பாசமலர்' அண்ணனாகப் பார்வையிழந்து தங்கையோடு மடிய வேண்டும். நடிகன் மறைந்து பாத்திரம் நிற்பதே அவர்க்குக் கலை. எம்.ஜி.ஆர். ரசிகர் கேட்டது மாறாமை: எவ்வேடம் பூண்டாலும் தாயைப் போற்றுபவனாக, ஏழைக்கு இரங்குபவனாக, தீமையை எதிர்ப்பவனாக அவர் இருக்க வேண்டும். கலை வாழ்வுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. கலை கலைக்காகவா வாழ்க்கைக்காகவா என்று நாம் கருத்தரங்குகளில் நெடுங்காலம் விவாதித்தோம். தேநீர்க்கடைப் பெஞ்சில் அதே விவாதம் வேறு சொற்களில் நடந்துகொண்டிருந்தது.

1964 பொங்கலன்று பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வெளியான அன்றே எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' வெளிவந்தது. பெரும் பொருட்செலவில் உருவான 'கர்ணன்' எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. மறு ஆண்டில் அதே பந்துலு எம்.ஜி.ஆரைக் கொண்டு 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். சிவாஜி ரசிகர்களுக்கு இது ஆறாத புண்ணாக இருந்தது. 2012இல் 'கர்ணன்' எண்ணியல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானபோது நரைத்த தலையினர் கூட்டமாக வந்தனர். சில அரங்குகளில் நூறு நாளைக் கடந்து ஓடியது. 48 ஆண்டுகளுக்கு முன் தோற்ற வழக்கில் மேல்முறையீடு செய்து வென்றவர்களைப் போல் அவர்கள் மகிழ்ந்தனர்.

இக்கருத்துப் போருக்குத் துணைநின்றவை திரைப்பட இதழ்கள். 'பேசும் படம்', 'குண்டூசி', 1966இல் தொடங்கிய 'பொம்மை' ஆகியவை வாசகர் வினாக்களுக்கு இடம் தந்தன. ஊரில் தீராத வழக்குகள் வினாவாக எழுதப்பட்டு அஞ்சலில் சென்றன. பின்னாளில் ஆனந்த விகடன் படங்களுக்கு மதிப்பெண் வழங்கியபோது, 1977இல் '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண் தேர்வு முடிவு போலப் பேசப்பட்டது. அம்மதிப்பெண்ணையும் தவறு என்று வாதிட்டவர் உண்டு.

இவ்வாதங்கள் எப்போதும் சொல்லளவில் நின்றன என்று கூறுவதற்கில்லை. சுவரொட்டியில் சாணம் எறிதல், கைகலப்பு, மண்டை உடைதல் என அவை முடிந்ததும் உண்டு. நடிகர் மீதான பற்று அரசியல் பற்றாக மாறியபின் படத்தைக் குறை கூறுவது கட்சியைக் குறை கூறுவதாகக் கருதப்பட்டது. கருத்துரிமையை வளர்த்த கொட்டகையே கருத்தைத் தாங்கிக்கொள்ளாத மனநிலையையும் வளர்த்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

'ரசிகர்' என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. கம்பனைத் தோய்ந்து சுவைத்த டி. கே. சிதம்பரநாத முதலியாரை 'ரசிகமணி' என்று தமிழுலகம் போற்றியது. அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' நம் போன்ற வட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. அதே சொல் ரசிகர் மன்றம் என்னும் தொடரில் வரும்போது நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். பாட்டில் தோய்ந்தவரும் படத்தில் தோய்ந்தவரும் ஒரு சொல்லால் அழைக்கப்பட்டது தற்செயல் அன்று. தோய்தலும் வாதிடுதலும் இருவர்க்கும் பொது.

தட்டிக்கு அப்பால்

இதுவரை கூறியவற்றுள் பெண்கள் எங்கே என்னும் வினா எழுதல் இயல்பு. கீற்றுக் கொட்டகையில் தரை வகுப்பை இரண்டாகப் பிரித்து, நடுவே இடுப்பளவுச் சுவரோ கீற்றுத் தட்டியோ வைத்திருப்பார்கள். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். சீட்டு வாங்கவும் தனி வழி. குழந்தையின் அழுகை, பாக்குவெற்றிலை, கொண்டுவந்த தின்பண்டம் ஆகியவற்றுடன் பெண்கள் பக்கம் தனி உலகமாக இருந்தது. கோயில் திருவிழாவையும் உறவினர் வீட்டு விசேடத்தையும் தவிரப் பெண்கள் கூட்டமாக இரவில் வெளியே வர இசைவளித்த இடம் கொட்டகை ஒன்றே. நகர அரங்குகளில் பகற்காட்சி பெண்களுக்குரிய நேரமாயிற்று.

பெண்கள் தமக்கெனக் கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதற்குத் தொடக்ககாலச் சான்றாக 'தியாக பூமி'யைக் கூறலாம். கல்கி எழுதிய அக்கதை ஆனந்த விகடனில் திரைப்படக் காட்சிப் படங்களுடன் தொடராக வெளிவந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய படம் 1939இல் வெளியாயிற்று. தன்னைத் துன்புறுத்திய கணவனோடு வாழ மறுக்கும் சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமி நடித்தார். கணவனுக்கு வேண்டுமானால் சீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் அவள் கூறுவது அக்காலத்தில் கேட்டறியாத பேச்சு. ஆங்கில அரசு இப்படத்தைத் தடை செய்தது. தடைக்குரிய காரணம் விடுதலைப் போராட்டக் கருத்துகள். ஆகவே வரலாற்று நூல்களும் அரசியலையே பேசுகின்றன. சாவித்திரியின் முடிவை வீடு திரும்பும் வழியில் பெண்கள் எவ்வாறு பேசிக்கொண்டனர் என்பதை எந்நூலும் விரித்துரைக்கவில்லை.

பின்னாளில் பெண் ரசிகர் 'தாய்க்குலம்' என்னும் ஒரு சொல்லில் அடக்கப்பட்டனர். 'தாய்க்குலத்தின் பேராதரவுடன்' என்று நாளிதழ் விளம்பரங்கள் கூறின. அச்சொல்லில் மதிப்பு உண்டு. கருத்து வேறுபாட்டுக்கு மட்டும் இடமில்லை. குலம் ஒன்றாயின் கருத்தும் ஒன்றே என்பது அதன் உட்பொருள். ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' உழைக்கும் பெண்ணொருத்தியின் திரைமோகத்தைக் காட்டும் குறுநாவல். பெண் ரசிகையை மையப்படுத்திய படைப்பு என்னும் சிறப்பு அதற்கு உண்டு. எனினும் ஏமாற்றத்துக்கு ஆளாகும் ஒருத்தியாகவே அவள் அங்குத் தோன்றுகிறாள். சீர்தூக்கிப் பார்ப்பவளாக அவளை நாம் காண்பதில்லை.

இங்கு என் குடும்பத்தில் வழங்கிய ஒரு செய்தியைச் சொல்ல விழைகிறேன். 1977இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படம் வந்தது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. என் தாயாரும், அப்பாவின் தங்கையாகிய என் அத்தையும் சேர்ந்து சென்று பார்த்திருக்கிறார்கள். மழையில் நனைந்து, அறிமுகமில்லாத ஒருவனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் கங்காவைக் கண்டு அவள் தாய் கூக்குரலிட, செய்தி ஊரெல்லாம் பரவி, அண்ணன் அவளை வீட்டை விட்டு விரட்டுகிறான். அக்காட்சி பற்றி இருவருக்கும் எழுந்த வாதம் ஓயவேயில்லை. என் பள்ளிப் பருவத்திலும் அடுப்படியில் அது தொடர்ந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

"பெத்தவ கத்தாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கை இப்படி ஆகியிருக்காது" என்பார் அம்மா.

"மூடி வச்சா மட்டும் தீந்துடுமா அண்ணி? ஊருக்குத் தெரியாட்டாலும் அவளுக்குள்ள இருக்காதா?" என்பார் அத்தை.

முனைவர் பட்ட ஆய்வின்போதுதான் ஜெயகாந்தனை முறையாகப் படித்தேன். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அத்தாய் மகளுக்குத் தலைமுழுக நீர் ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றி, நிகழ்ந்ததைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறாள். அம்முடிவு பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. அவள் அவ்வாறு அடக்காமல் வாய்விட்டு அலறியிருந்தால் என்னவாகும் என்னும் வினாவிலிருந்தே பின்னர் நாவல் பிறந்தது. என் தாயாரும் அத்தையும் அச்சிறுகதையையோ நாவலையோ படித்தவர்கள் அல்லர். படத்தை மட்டும் பார்த்து, சிறுகதைக்கும் நாவலுக்கும் இடைப்பட்ட அதே வினாவின் இரு கரைகளில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஆய்வேட்டில் நான் பல பக்கங்களில் எழுதியதை அவர்கள் அரிசி களைந்துகொண்டே பேசி முடித்திருந்தார்கள். ஆய்வேட்டில் அவர்கள் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவுமில்லை.

மாறிய வழக்கங்கள்

1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின் படம் பார்க்கும் வழக்கம் மெல்ல மாறியது. ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்கும் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கும் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 1980களில் ஒளிநாடாக்கள் வந்தன. கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன; பெரிய அரங்குகள் பல, திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறின. எஞ்சிய இடத்தில் வந்த பல்திரை அரங்குகளில் தரை வகுப்பும் இல்லை, தட்டியும் இல்லை. பெண்கள் எவ்விருக்கையிலும் அமரலாம் என்பது ஐயமின்றி வளர்ச்சியே. ஆனால் கூலித் தொழிலாளி குடும்பத்தோடு சென்று வரக் கட்டுபடியாகாத கட்டணம் வேறொரு தட்டியாக எழுந்துள்ளது.

பழைய தட்டியும் முற்றாக நீங்கிவிடவில்லை. 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் தடுக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தபின் உள்ளே விடப்பட்டனர். காசு கொடுத்தவர்க்கெல்லாம் இடம் என்னும் கொள்கை ஒரு நூற்றாண்டு கழிந்தும் காவல் காக்கப்பட வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. 2024 நவம்பரில் படத்தயாரிப்பாளர் சங்கத்தினர், படம் பார்த்து வெளியே வருவோரிடம் திரையரங்க வளாகத்திலேயே கருத்துக் கேட்டு யூடியூபில் வெளியிடுவதைத் தடுக்க வேண்டும் என்று கோரினர். அவசரத் தீர்ப்புகளாலும் திட்டமிட்ட வசைகளாலும் தமக்கு இழப்பு நேர்கிறது என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கருத்துச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்னும் பழைய வினாவே மீண்டும் எழுந்துள்ளது என்பதைக் காணத் தவறலாகாது.

நிறைவாக

அரசன் அளித்த தலைக்கோலில் தொடங்கிய தீர்ப்புரிமை கொட்டகையின் மணல் தரைக்கு வந்து சேர்ந்தது தமிழ்ச் சுவையுணர்வு வரலாற்றில் ஒரு பெரும் நிகழ்வு. பாட்டா கதையா, மாற்றமா மாறாமையா, மறைப்பதா உரைப்பதா என்று அங்கு எழுந்த வினாக்கள் இலக்கியத் திறனாய்வின் வினாக்களிலிருந்து வேறானவை அல்ல. அவற்றுள் ஆண்கள் பேசியவை மன்றங்கள், இதழ்கள், கட்சிகள் வாயிலாக ஓரளவு பதிவாயின. தட்டிக்கு அப்பால் பேசியவை அடுப்படியிலும் கிணற்றடியிலும் கரைந்தன. அவற்றைக் கேட்டவர்களும் பேசியவர்களும் இன்று எழுபது, எண்பது அகவையில் உள்ளனர். இன்னும் ஒரு பத்தாண்டு பொறுத்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆதலின் இம்மலர் வாயிலாக நம் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த பத்தாண்டின் முதற் பணியாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மூதாட்டியர் பார்த்த படங்களையும் அவை குறித்து அவர்கள் கொண்ட கருத்துகளையும் அவர்தம் சொற்களிலேயே எழுதிக் கொணர வேண்டும். வாயிற்படியில் நாம் பேசும் பேச்சுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். என் தாயார் இப்போது இல்லை. அத்தை இருக்கிறார், கங்காவின் தாய் செய்தது பற்றிய தம் கருத்தில் இன்றும் உறுதியாக இருக்கிறார். முதல் ஏட்டை அவரிடமிருந்து எழுதத் தொடங்கியுள்ளேன்.